தெரியாதவரைப் பிரிவது

நரகத்தில் நெருப்பு கிடையாது என்று போதகர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லில்லி மதினி, என் வீட்டுக்காரரின் அக்காள், நான் அழுகிறேன் என்று எண்ணி என் தொடையில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். நெருப்பு, புழு, பற்கடிப்பு எல்லாம் அந்தக் காலத்து ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்ன உவமைகள், உண்மையில் நரகம் என்பது ஆண்டவரை விட்டுப் பிரிந்திருப்பது, அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டு போதகர் கிதியோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சின்ன வயசு. எங்கள் கோயிலுக்கு மாற்றலாகி வந்து இரண்டு கிறிஸ்மஸ்கூட முடியவில்லை. ஆண்கள் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நெருப்பு இல்லாத நரகம் பலபேருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. எனக்கோ உடம்பு முழுக்க லேசாகிவிட்டது. ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர் இறந்துபோனதிலிருந்து இந்த லெந்துத் தவக்கால ஞாயிறு வரைக்கும் நான் நெருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பற்றவைத்தால் அதில் அவர் கால். குப்பை மேட்டில் யாராவது சருகைக் கொளுத்தினால் அதில் அவர் கை. தோசைக்கல்லில் விரல் பட்டால் உடனே தண்ணீரில் விடமாட்டேன். கொஞ்சநேரம் அப்படியே வைத்திருப்பேன், இவ்வளவுதானா, இதைவிட எவ்வளவு கூட, உடம்பு முழுக்க என்றால் எப்படி, ஓயாமல் என்றால் எப்படி என்று. ஓயாமல் என்ற வார்த்தையில் வந்து மனசு ஒவ்வொரு தடவையும் முட்டி நின்றுவிடும். அதற்கு அப்பால் போகாது. இப்போது இந்தப் பையன் ஒரே வாக்கியத்தில் எல்லா நெருப்பையும் அணைத்துவிட்டான். பிரிவு. வெறும் பிரிவு. என் மனுஷனுக்குச் சுடாது. விரல்நுனிகளைப் பார்த்துக்கொண்டேன், எல்லாம் தழும்பு. இனி தண்ணீரில் விடலாம்.

ஆண்டவரை விட்டுப் பிரிந்திருப்பது என்றால் அவருக்கு அது புதுசா என்ன. அறுபத்தெட்டு வயசு வரைக்கும் அப்படித்தான் இருந்தார். மைக்செட் ஆசீர் என்றால் பாளையங்கோட்டையில் தெரியாதவர்கள் இல்லை. ஆசீர்வாதம் என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்து, ஞாயிறு பள்ளிக்கூடத்தில் வசனத்துக்குப் பரிசு வாங்கவைத்து, அப்படி வளர்த்த பிள்ளை. ஆனால் உள்ளே ஒன்றும் ஒட்டவில்லை. கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் கொடைவிழா, நற்செய்திப் பெருவிழா எதுவானாலும் அவர்தான் ஒலிபெருக்கி கட்டுவார். எல்லா மேடைக்கும் பின்னால் நின்றிருக்கிறார். மைக்கை ஆன் பண்ணுறதுக்கு முந்தின நிமிஷம் அவனவன் என்ன பேசுறான்னு கேட்டவன்ட்டி நான், எனக்குப் போய் பிரசங்கம் பண்ணுறியே என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். யாரையும் கேலி பண்ணவும் மாட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் நான் ஜெபம் பண்ணி முடிக்கும்வரை சோற்றில் கை வைக்காமல் காத்திருப்பார், ஆறிப்போனாலும். இந்தக் கோயிலில் இந்தத் தூண்களில் இருக்கிற ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாம் அவர் மாட்டியது. கூலி வாங்கவில்லை. எதுக்கு வாங்கலை, நம்பிக்கைதான் இல்லையே உங்களுக்கு என்று கேட்டதற்கு, நீ கேக்கணும்லா, கடைசி வரிசையில உக்காருத, ஒனக்குக் கேக்க வேண்டாமா என்றார். அப்படிப்பட்ட ஆளுக்கு நரகம் பிரிவுதான் என்றால், அங்கே போய்ச் சேர்ந்ததும் சுற்றிமுற்றிப் பார்த்திருப்பார். வீடு மாதிரிதானே இருக்கு என்றிருப்பார். சட்டையைக் கழற்றி ஆணி தேடியிருப்பார். எனக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

ஏனென்றால் போதகர் அப்போது சொன்னார், ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், தெரியாத ஆளை விட்டு எப்படிப் பிரியமுடியும் என்று. பெட்டிக்குள்ளிருந்து அந்த வாக்கியம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது என் வீட்டுக்காரருடைய வாக்கியம். முன்னறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அவர் அதைச் சொன்னபோது நான் காப்பி டம்ளரோடு வாசல் நிலையில் நின்றிருந்தேன். புற்றுநோய் நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்திருந்தார்கள். மதினி சொல்லித்தான் கிதியோன் வந்தார். வந்து வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் எழுந்திருக்கும்போது, ஆண்டவர விட்டுப் பிரிஞ்சு போயிராதீங்க ஐயா என்றார். சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது, அது எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் மூச்சை ஒவ்வொரு வாயாக எடுத்து, எடுத்துப் பேசினார்.

"தெரியாத ஆள விட்டு எப்படித் தம்பி பிரியமுடியும்? ரயில்ல எதிர் சீட்டுல இருந்தவரு விருதுநகர்ல எறங்கிப் போறாரு. அதுக்கு நான் அழவா செய்யுதேன்?"

கிதியோன் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நான் முதுகைத் தடவவேண்டி வந்தது. யோசிச்சுட்டு வந்து சொல்லுதேன் ஐயா என்று போதகர் விடைபெற்றார். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு மணி அடிக்கும்போது இவர் உயிரோடு இல்லை. அப்படியென்றால் இன்றைய பிரசங்கம் அந்தப் பதில். எனக்காக வைத்திருந்தாரா, தெரியவில்லை. மதினியைப் பார்த்தேன், அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, வேதப்புத்தகத்தில் அடுத்த வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் சாய்ந்து கேட்டேன். ஆனால் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் நாம் தாழ்மையோடு நிற்கவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் பரிசுத்தவான்களின் மகிழ்ச்சிக்குப் போய்விட்டார். பதில் இல்லை. பையனுக்கும் தெரியவில்லை. தெரியாது என்றால் அப்போது என் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. தெரியாதவரைப் பிரியமுடியாது, பிரியாதவனுக்கு வலிக்காது, வலிக்காத இடம் நரகம் இல்லை. ஒன்று இரண்டு மூன்று என்று கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. அவர் சுகமாக இருக்கிறார். அப்படியானால் என் நெஞ்சில் எதற்கு இந்தக் கல்.

கல் எனக்கு. அவருக்கு இல்லை. அவருக்கு ஆண்டவரைப் பிரிந்ததில் ஒன்றும் இல்லை என்றால், பிரிவு என்று சொல்லி உண்டாக்கிய அந்த இடத்தினால் உண்மையில் பிரிந்துபோகிறவள் நான்தான். நான் விசுவாசி. நான் அந்தப் பக்கம் போவேன், அவர் இந்தப் பக்கம். அவருடைய துக்கநாளில் மதினி என்னைக் கட்டிக்கொண்டு, அழாத சுகிர்தா, அங்க போனா ஒனக்குக் கண்ணீரே இருக்காது என்றாள். அவளும் தம்பியைப் பறிகொடுத்தவள்தான், ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் கேட்டேன், அங்க இருந்து இவங்கள நெனச்சா அழுகை வராதா மதினி.

"நெனக்கமாட்ட," என்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மிகவும் சாதாரணமாகச் சொன்னாள், ஊருக்குப் போனால் வெயில் இருக்காது என்று சொல்கிற மாதிரி. நினைக்கமாட்டேன். நினைக்காமல் இருந்தால்தான் கண்ணீர் இருக்காது, அது நியாயம்தான். ஆனால் அப்படி நினைக்காமல் உட்கார்ந்திருக்கப்போகிறவள் யார். அவர் சாப்பாட்டில் வெங்காயத்தை ஓரமாக ஒதுக்கி வைப்பார், அது தெரியாத ஒருத்தி. அவர் தும்மினால் தெருமுனை வரைக்கும் கேட்கும், அது தெரியாத ஒருத்தி. அவள் என் பெயரை வைத்துக்கொண்டு, வெள்ளை உடுத்தி, பாடிக்கொண்டிருப்பாள். அந்தச் சுகிர்தாவை எனக்குத் தெரியாது. அவளுக்கு மோட்சம் கிடைத்தால் எனக்கு என்ன. ஆண்டவரே, இப்படி யோசிப்பது பாவமா. பாவம் என்றால் மன்னியும். மன்னிக்கவேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும். அவர் இருக்கிற இடத்துக்கே போய்விடலாமா. ஆனால் அங்கே எனக்கு வலிக்கும், ஏனென்றால் எனக்கு உம்மைத் தெரியும். தெரியும்தானே.

அவருக்குக் கல்லறைகூட இல்லை. உடம்பை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டார். பிள்ளைங்க படிக்கட்டும் என்றார். மஸ்கட்டிலிருந்து வந்த என் மகன் எட்வின் கையெழுத்துப் போட்டான், வண்டி வந்தது, அவ்வளவுதான். மதினி தெருவில் உட்கார்ந்து அலறினாள், கடைசி நாள்ல எக்காளம் ஊதும்போது என் தம்பி எதோட எழும்புவான் என்று. மருத்துவக் கல்லூரி வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கட்டிடத்தைப் பார்க்கக்கூடாது என்று இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பார்த்தால் எந்த ஜன்னல் என்று தேடத் தோன்றும். ஒரு பூ வைக்க இடமில்லை. இறந்தவர்களை நினைக்கிற ஆல் சோல்ஸ் அன்றைக்கு எல்லாரும் மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள், நானும் போனேன், கையில் மெழுகுவர்த்திக் கட்டோடு, யாருக்கு ஏற்றுவது என்று தெரியாமல் சுற்றினேன். மாமனார் மாமியாருக்கு ஏற்றினேன். பிறகு கால்கள் தானாக வடக்கு மூலைக்குப் போயின.

வடக்கு மூலை. வேண்டாம், அங்கே போகவேண்டாம். போதகர் என்ன சொல்கிறார் கேள். பரிசுத்தவான்கள் பார்ப்பார்களாம். முகமுகமாய்ப் பார்ப்பார்களாம். முகம். அந்த மூலையில் ஞானஸ்நானம் வாங்காமல் போன பிள்ளைகளை வைப்பார்கள், பெயர் எழுதாமல், ஒரு செங்கல் மட்டும் நட்டு. எங்கள் தலைச்சன் அங்கே இருக்கிறாள். எட்வினுக்கு முந்தினவள். வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு எனக்கு வலிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது எல்லாம் முடிந்து போயிருந்தது. பெண்பிள்ளை, மூச்சு இல்லாமலே வந்தாள், வெயிலுக்கு வைத்திருக்க முடியாது என்று இவரும் மதினியும் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்தார்கள். இவர் வேட்டியில் செம்மண். எப்படி இருந்தா என்று கேட்டேன். தலை நெறைய முடி என்றார். வேற? வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அந்த ஒரே பதில்தான், தலை நிறைய முடி. அந்தப் பிள்ளைக்கு ஜெபம் பண்ண அன்றைக்கு இருந்த போதகர் வரவில்லை. அதனால்தான் இவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். கேட்டபோது இல்லை என்றார். அதுக்கு முன்னாலயே ஒண்ணும் இல்லட்டி, அதுமேல பழி போடாத என்றார். அப்படி ஒரு காரணம் இருந்திருந்தால்கூட எனக்கு நல்லாயிருந்திருக்கும். கோபித்துக்கொண்டவனை ஆண்டவர் சமாதானம் பண்ணலாம்.

அடக்கம் ஆன பிறகு எனக்குப் பால் வந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. காலையில் எழுந்தால் இரண்டு பக்கமும் கல்லாகக் கட்டிப்போய், ஜாக்கெட் நனைந்து, அடுத்த கட்டிலில் ஒரு பிள்ளை அழுதால் எனக்கு இங்கே ஊறியது. மதினி மல்லிகைப்பூவை உதிர்த்து வைத்து, மல் துணியால் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள், பால் வற்றட்டும் என்று. அந்த மணம் வந்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். தலையில் பூ வைப்பதை அன்றோடு விட்டேன். பார்க்காத பிள்ளைக்குப் பால் வந்தது. முகம் தெரியாது. குரல் தெரியாது, குரலே இல்லை. கனவில் வந்தாலும் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறாள், தலை நிறைய முடி. எட்வின் பிறந்தான், வளர்ந்தான், போனான், அவனைப் பிரிந்திருப்பது வேறு, அது கணக்குக்குள் வருகிறது, போனில் பேசினால் தீர்கிறது. இவளைப் பிரிந்திருப்பது தீரவில்லை. தெருவில் முப்பதைத் தாண்டிய பெண் யாராவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறேன், இப்படியிருப்பாளோ என்று.

அப்படியானால். அப்படியானால் பிரியலாம். தெரியாத ஆளையும் பிரியலாம். தெரிந்தவரைப் பிரிந்ததைவிட மோசமாகப் பிரியலாம். இத்தனை காலம் என் உடம்பில்தான் இந்தப் பதில் இருந்திருக்கிறது. ரயிலில் எதிர் சீட்டில் இருந்தவர் மாதிரி இல்லை அது. ஒருநாளும் பார்க்காத ஒருவருக்காக ஒருத்தரின் நெஞ்சு கட்டிக்கொண்டு வலிக்கமுடியும். அவர் அங்கே சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சௌகரியமாக உட்கார்ந்த பிறகு, ஒருநாள், அங்கே நாள் உண்டோ என்னவோ, அவருக்குள் அது ஊறத் தொடங்கும். எனக்காவது அது பிள்ளைக்காக என்று தெரிந்திருந்தது. மதினி வந்து துணி கட்டினாள். அவருக்கு அது எதற்காக என்றே தெரியாது. இங்கே வலிக்கிறது என்று நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார், இருமல் வரும் என்று காத்திருப்பார், வராது. யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவார். கூப்பிட ஒரு பெயர் இருக்காது. பெயர் தெரிந்தவன் கூப்பிட்டாவது அழலாம். நெருப்பு என்றால் சுட்டது என்று கையை உதறுவார், இதில் எதை உதறுவார். ஐயோ, நெருப்பே இருந்திருக்கலாம். நெருப்பே கொடுத்திருக்கலாமே ஆண்டவரே, அவருக்கு ஒயர் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பழக்கம், கை காய்த்துப்போனவர், தாங்கியிருப்பார்.

ஒருவேளை இங்கே இருந்தபோதே அது அவருக்கு இருந்ததா. மிலிட்டரி லைன் பக்கத்து மைதானத்தில் ஒரு மத்தியானக் கூட்டம் முடிந்து ஜனமெல்லாம் போன பிறகு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வெயிலில் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மைக்செட்டை அணைக்கவில்லை. பெட்டியிலிருந்து உம்மென்று ஒரு இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. தூக்குவாளியை வைத்துவிட்டு, என்னத்தக் கேட்டுக்கிட்டிருக்கீங்க என்றேன்.

"ஒண்ணும் கேக்கலை. அதத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்று இப்போது நினைவு வருகிறது. சிரித்தாரோ. முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, சோறு போடக் குனிந்துவிட்டேன். அன்றைக்கு அவர் கண் எப்படி இருந்தது என்று தெரிந்தால் போதும், எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். எவ்வளவு முயன்றாலும் வாளியும் குழம்பும்தான் வருகின்றன. கத்தரிக்காய்க் குழம்பு.

பிரசங்கம் முடிந்து காணிக்கைப் பை வந்து போயிருக்கிறது, நான் போட்டேனா என்று தெரியவில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள், நின்றேன். உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தேன். பாவ அறிக்கையை வாய் தானாகச் சொன்னது. பீடத்தில் வெள்ளைத் துணியை எடுத்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. முன் வரிசைகள் எழுந்து நடுப்பாதையில் போய்ப் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கம்பியில் கைவைத்து மண்டியிட, போதகர் ஒவ்வொரு உள்ளங்கையாக அப்பத்தை வைத்துக்கொண்டு போனார். பாடகர் குழு மெதுவாகப் பாடியது. வரிசை வரிசையாக எங்களை நோக்கிக் காலியாகி வந்தது. மதினி எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வா என்றாள்.

"நீங்க போங்க மதினி."

முட்டு வலிக்கா என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் போனாள். எதற்கு அப்படிச் செய்தேன் என்றால், அந்த நிமிஷத்தில் எனக்கு அதைப் பார்த்துவிடவேண்டும் என்றிருந்தது. ஆண்டவருடைய மேசைக்கு எல்லாரும் போகும்போது போகாமல் தனியாக இருந்தால் எப்படி இருக்கும், என் வீட்டுக்காரர் இருக்கிற இடம் எப்படி இருக்கும் என்று. திடப்படுத்தல் வாங்கித் திருவிருந்தில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஒரு தடவையும் விட்டதில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறேன். அவரைப் பறிகொடுத்த அந்த வாரமும் வந்தேன். தெரிந்த எனக்கு வலித்தால், தெரியாத அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று அதிலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளலாம். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரிசையில் யாரும் இல்லை, வேதப்புத்தகங்களும் கைக்குட்டைகளும் மட்டும் கிடந்தன. வரட்டும் என்றிருந்தேன். பால் கட்டிக்கொண்டது போல ஏதாவது கட்டட்டும். இப்போது வரும். இப்போது வரும். முதுகில் வியர்வை இறங்கியது. காலையில் ஒன்றும் சாப்பிடாததால் வயிறு இரைந்தது. வீட்டில் கழுவி மஞ்சள் போட்டு வைத்த சாளை மீன் நினைவுக்கு வந்தது, பூனை வரும், ஜன்னலைச் சாத்தினேனா. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடினேன். அவர் இல்லாதது இருந்தது, மலை மாதிரி. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறவள் இருந்தாள். அவர்களைத் தள்ளிவிட்டு இன்னும் உள்ளே போனேன். அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. வலிக்கவில்லை. ஆண்டவரைப் பிரிந்து உட்கார்ந்திருக்கிறேன், வலிக்கவில்லை. உம்மென்ற இரைச்சல்கூட இல்லை.

இது எப்படி. இத்தனை வருஷமாக அந்தக் கம்பியில் மண்டியிட்டு எழும்பி வரும்போது நெஞ்சு நிறைந்திருக்குமே, அது பொய்யா. நிறைந்திருந்தது, சத்தியமாக நிறைந்திருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் கால் வைக்கும்போது நிறைந்து வழியும். வாசலில். வாசலுக்கு எதிரே டீக்கடை நிழலில் வண்டியைச் சாய்த்துவிட்டு அவர் நிற்பார். ஒவ்வொரு ஞாயிறும் கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார், முடிந்து வெளியே வரும்போது நிற்பார். என்னைப் பார்த்ததும் டீ கிளாசைக் கீழே வைப்பார். ஐப்பசிக்குப் பிறகு ஆட்டோவில் வருகிறேன், ஆட்டோவில் போகிறேன், நெஞ்சு நிறைந்து எந்த ஞாயிறும் வெளியே வந்ததில்லை, துக்கத்தினால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். துக்கத்தினால்தானா. எதை எதாக நினைத்துக்கொண்டு நான் இங்கே வந்துபோனேன். யாரைத் தெரியும் எனக்கு. ரயிலில் எதிர் சீட்டில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்த ஆண்டவர் இறங்கிப் போகிறார், நான் சாளை மீனை நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்காவது தெரியாது என்பது தெரிந்திருந்தது. மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்து ஒன்றுமில்லாததைக் காது கொடுத்துக் கேட்டார். நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு எப்போதும் பாட்டு இருந்தது, ஜெபம் இருந்தது, பக்கத்தில் மதினி இருந்தாள், வாசலில் அவர் இருந்தார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இந்தக் காலி பெஞ்சு. அப்படியானால் நான் அந்தப் பக்கமும் இல்லை. அவர் பக்கமும் இல்லை. எங்கே போய்ச் சேருவேன். எழுந்து வெளியே போகலாம் என்றால், வெளியே டீக்கடைக்கு முன்னால் வெயில் மட்டும்தான் இருக்கும்.

நிழல் விழுந்தது. கண்ணைத் திறந்தேன். போதகர் தட்டோடு எனக்கு முன்னால் நிற்கிறார். மதினி பின்னால் நிற்கிறாள், முட்டுவலி என்று அவள்தான் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். மண்டியிட முடியாதவர்களுக்கு இருக்கைக்கே கொண்டுவந்து கொடுப்பது வழக்கம்தான். அம்மா என்று கூப்பிட்டு அப்பத்தைக் கையில் எடுத்தார். பாட்டு முடிந்திருந்தது. எல்லாரும் உட்கார்ந்து இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் கண்ணாடிக்குள் கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்காத கண். நான் உள்ளங்கையை விரிக்கவேண்டும். விரல் தழும்பெல்லாம் தெரியும். கை மடியிலேயே கிடந்தது.

"அவங்களுக்கு வலிக்குமா ஐயா?" என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை. மதினி, என்ன கேக்க நீ, வாங்கு, என்று மெதுவாக என் தோளைத் தட்டினாள். அவர் என் பக்கம் குனிந்தார். புத்தகத்தில் இருக்கிற எதையாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது.

"தெரியலம்மா," என்றார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "அவங்க கேட்ட நாள்லேருந்து எனக்கும் அதே யோசனைதான். தெரியல."

யாரோ ஒரு பிள்ளை சிணுங்கி, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அப்பத்தைப் பிடித்திருந்த அவர் இரண்டு விரலும் என் முகத்துக்கு நேராக நீட்டியபடியே இருந்தன. கிறிஸ்துவின் சரீரம் என்று அடுத்து சொல்லவேண்டியதை அவர் சொல்லவில்லை. நான் கையை நீட்டவில்லை. அவர் போகவும் இல்லை.